இடது குதிகால்

இடது கால்களை அழித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு படமாக. அழி, திரும்ப வரை. அழி, திரும்ப வரை. கணினித் திரைமேல் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறரைக்குப் புது சீரியல் ஆரம்பம். ஐந்துக்குள் டைட்டில் சேனலுக்குப் போயாக வேண்டும்.

டைட்டில் அவள் செய்தது. வெள்ளைத் திரையில் ஒரு கோட்டோவியச் சிறுமி ஓடி வருவாள். பாதம் பட்ட இடமெல்லாம் கோலம் முளைக்கும். கோலம் எழுந்து நின்று வீடாகும். ஜன்னல்கள் திறக்க, நடிகர்களின் முகங்கள்.

முதலில் மனசிலிருந்துதான் வரைந்தாள். சிறுமி காகிதப் பொம்மை மாதிரி ஓடினாள். சரிப்படவில்லை. மகளை மொட்டை மாடியில் ஓடவிட்டு செல்போனில் பிடித்தாள். அந்த வீடியோவின் மேலேயே வரிசையாகக் கோடு இழுத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

உயிர் வந்துவிட்டது.

தினமும் பார்க்கிற ஓட்டம். அதில் தனியாக ஏதோ இருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. மதியம் எடிட்டர் சம்பந்தம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது.

“ஆயிரம் புள்ளைங்க ஓடினாலும் இதைத் தனியாக் கண்டுபிடிச்சிடலாம்மா.”

இடது குதிகால் தரையில் படாது. வலது தோள் ஏறும். ஒரு சின்னத் துள்ளல். மறுபடி ஓட்டம்.

முகம் கிடையாது. கண் கிடையாது. வெறும் கோடு.

ஆனால் அந்த வீட்டில் பார்த்துவிட்டால் போதும். பார்த்தால் தேடுவார்கள். தேடினால் வருவார்கள். வந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊர் மாறியிருக்கிறாள். வீடு மாறியிருக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் மகளை ஆடக்கூட விட்டதில்லை.

இப்போது தன் கையாலேயே நாடு முழுக்க ஓடவிடப் பார்த்திருக்கிறாள்.

கடைசிக் காலையும் திருத்தினாள். ஓட்டிப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் ஒழுங்காகத் தரையில் பட்டன. யாருடைய பிள்ளையோ ஓடியது.

மூச்சு வந்தது. சம்பந்தத்துக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தம் இரண்டு கிளாஸ் டீயோடு உள்ளே வந்தார்.

“டைரக்டர் கத்தறாரும்மா. நல்லா ஓடிட்டிருந்த பொண்ணை எதுக்கு ரோபோ ஆக்கினாங்கன்னு கேக்கறாரு. பழசையே சேனலுக்கு அனுப்பிட்டேன்.”

“திருப்பி வாங்க முடியாதாண்ணே?”

“ஏத்தியாச்சே.”

அவள் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார்.

“வீட்டுக்காரரை நெனைச்சுப் பயப்படறியா?”

ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த கதை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள்.

“அட நீ ஒண்ணு. எந்தக் குடிகாரன் ஆறரை மணிக்குக் குந்திக்கிட்டு சீரியல் பாக்கறான்? அவன் அந்நேரம் கடை வாசல்ல நிப்பான். இதெல்லாம் பொம்பளைங்க பாக்கறதும்மா. டீயைக் குடி.”

தலையாட்டினாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

பொம்பளைங்க பாக்கறது.

அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்ததே இல்லை.

அவள் ஓடிவந்த அன்றைக்குத் தேர்த் திருவிழா. தலைக்கு மேல் தலை. போலீஸ்காரரிடமிருந்து மைக்கை வாங்கி ஒருத்தி அழுதுகொண்டே அடையாளம் சொன்னாள். மூணு வயசுங்க. பேரு பார்கவி. ஓடினா இடது குதிகால் கீழ படாதுங்க.

சொல்லி முடிக்கும்வரை இவள் நின்று கேட்டாள்.

பிறகு, தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.