சாமி மேடைப் பிளக்

சாமி மேடையில் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பின் பிளக்கைப் பிரவீனா பிடுங்குகிறாள். முருகன் படம் சட்டென்று இருண்டுபோகிறது. ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கமலநாதன் எழுந்து வருகிறார். "அலமாக், என்னம்மா செய்யிற? சாமி வெளக்கு லா அது!" "தெரியும் மாமா." ரவுட்டர் இருப்பது வாசல் பக்கம், அவள் அறையோ சமையல்கட்டுக்குப் பின்னால். வைஃபையை எட்டவைக்க வாங்கிய எக்ஸ்டெண்டரை நேற்று அறைக்குள்ளேயே மாட்டிப் பார்த்தாள். சிக்னல் அதற்கே எட்டவில்லை. அது நடுவழியில் இருந்தாக வேண்டும். நடுவழியில் இருக்கும் பிளக் பாயிண்ட் இது ஒன்றுதான். "செனாய்ல இருக்குற பேக்டரி இன்டர்வியூதானே? ஹால்ல உக்காந்து பேசு. போன தடவ நான்தானே பக்கத்துல இருந்து எடுத்துக் குடுத்தேன்?" நன்றாகத்தான் எடுத்துக் கொடுத்தார். 'நைட் ஷிப்டுக்கெல்லாம் மருமக வராதுங்க' என்று லேப்டாப் திரைக்குள் தலையை நீட்டிச் சொன்னார். அந்த வேலை அதோடு போயிற்று. பிரவீனா எக்ஸ்டெண்டரைச் சொருகுகிறாள். காமாட்சி விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றுகிறாள். முருகன் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் படிகிறது; மேடைக்குக் கீழே பச்சைப் புள்ளி ஒன்று கண் சிமிட்டிச் சிமிட்டி நிலைக்கிறது. கமலநாதனின் கை அதை நோக்கி நீள்கிறது. "கழட்டுனா திரும்பவும் மாட்டுவேன், மாமா." கை அந்தரத்திலேயே நிற்கிறது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அறைக்குள் போகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம், எந்த எக்ஸ்டெண்டரின் தயவும் இல்லாமல், ஹால் வரைக்கும் போகிறது.