வாரத்தில் ஒரு நாள்

எங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்பது விதி. எந்த நாள் ஓய்வு என்று வாரந்தோறும் வீரர்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். ஓய்வே கிடைக்காவிட்டாலும், கோச் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் 'ஞாயிறு' என்றுதான் எழுதுவார்கள்.

ஆகஸ்ட் வெயிலில் பயிற்சியின்போது விழுந்து இறந்த மார்லனும் அப்படித்தான் எழுதியிருந்தான். அவன் அம்மா லொரெட்டா அதை நம்பவில்லை. அந்தப் பருவத்தின் தாள்கள் முழுவதையும் கேட்டு மனுப் போட்டார்.

பல்கலைக்கழக ஆவண அலுவலகத்தில், இப்படிக் கேட்பவர்களுக்கு மாணவர் பெயர்களைக் கருப்பு மையால் மறைத்துக் கொடுப்பது என் வேலை. இறந்தவர் பெயரை மறைக்க வேண்டியதில்லை. அவன் இறந்த பிறகு வந்த பதினோரு தாள்களிலும் அவன் கையெழுத்து இருந்தது. ஓய்வு நாளுக்கு நேரே 'இல்லை' என்றிருந்தது.

பல்கலைக்கழக வக்கீல் கிரெய்கிடம் காட்டினேன். “உசுரோட இருந்தப்ப பொய், செத்தப்புறம் நிஜமா? நல்ல பையன்மா,” என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தம்மாகிட்ட குடுத்துடு.”

லொரெட்டா விரலால் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இவன் எழுத்துதாம்மா. இன்னுமா ஓட விடுறாங்க?”

இப்போது திங்கள்தோறும் புது மனுவோடு வருகிறார். “இந்த வாரமாச்சும் லீவு குடுத்தாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு எதிரே உட்காருகிறார்.

நான் புதுத் தாளில் மார்லன் பெயரை விட்டுவிட்டு மற்ற எண்பத்து நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக, மெதுவாக மறைக்கிறேன்.