விளம்பரத்தை அழுத்தியது யார்?

"இது பொறாமை. பச்சைப் பொறாமை. வேற ஒண்டுமில்லை," என்றாள் சுலோஜனா.

கணினித் திரையில் அந்த மின்னஞ்சல் இன்னும் திறந்தபடி கிடந்தது. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப உங்கள் விளம்பரங்களை அழுத்தியிருக்கிறார்கள். இது விதிமீறல். கணக்கை மூடிவிட்டோம். சேர்ந்த பணமும் கிடையாது.

வெளிநாட்டு விளம்பரக் கம்பனி அவ்வளவுதான் எழுதியிருந்தது. கெஞ்சினாலும் கேட்க மாட்டார்களாம்.

டெலிபோன் வயரில் இன்டர்நெட் வந்த காலம் அது. ஒரு படம் ஏறி முடிவதற்குள் சோறு வெந்துவிடும். அந்த லட்சணத்தில்தான் சுலோஜனா கொக்கி ஊசியால் குரோசே பூக்களைப் பின்னிப் பின்னிப் படம் எடுத்து, தமிழில் விளக்கம் எழுதி, தன் வலைப்பூவில் போட்டு வந்தாள். முதலில் எட்டிப் பார்க்க ஆளே இல்லை. பிறகு கனடா, லண்டன் என்று வரத் தொடங்கினார்கள். விளம்பரமும் போட்டாள்.

கலியாணமாகி இத்தனை வருடத்தில் தன் பெயருக்கு வரப்போகிற முதல் காசோலை. அதற்கென்றே பதுளை டவுனில் வங்கிக் கணக்குக்கூடத் திறந்து வைத்திருந்தாள். அடுத்த மாதம் வர இருந்தது. அதற்குள் யாரோ வயிற்றில் அடித்துவிட்டார்கள்.

"ஆரெண்டு தெரியாமல் போய்ச் சண்டை பிடியாதையும்," என்றார் கணவர் கனகரத்தினம். ஆஸ்பத்திரியில் கிளார்க். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியாமலோ? இஞ்ச பாருங்கோ."

வலைப்பூவின் ஓரத்தில், யார் எந்த ஊரிலிருந்து வந்து போனார்கள் என்று காட்டும் பெட்டி ஒன்று இருந்தது. பதுளை, பதுளை, பதுளை என்று வரிசையாக விழுந்திருந்தது.

"பதுளையில இதைப் பற்றித் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த ஸைனப்தான். உங்களுக்கு எப்பிடிக் காசு வரும் எண்டு தேனொழுகக் கேட்டவ. விளம்பரத்தை ஆரும் அமத்தினால் வரும் எண்டு நான் விசரி சொல்லிப்போட்டன். அளவுக்கு மிஞ்சி அமத்தினால் கணக்கை மூடுவாங்கள் எண்டதையும் ஆரிட்டயோ விசாரிச்சு வச்சிருக்கிறா."

ஸைனப் பஸார் வீதியில் நூல் கடை வைத்திருப்பவள். கடையின் பின்னறையில் கணினி ஒன்றும் வைத்து, தையல் வகுப்பும் நடத்தினாள். குரோசே பூ வைத்த கைப்பைகள் அங்கே நன்றாக விற்கின்றன என்று ஊரில் பேச்சு. யாருடைய பூவைப் பார்த்துப் பின்னியதாம்? சுலோஜனாவின் பூவைத்தான். கேட்டுப் பின்னினார்களா என்றால், அதுவும் இல்லை.

கனகரத்தினம் குடையைத் தேடி எடுப்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

கடைக்குள் நுழைந்ததும் ஸைனப்பின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் சுலோஜனாவால் பொறுக்க முடியவில்லை.

"வாங்க, வாங்க. புள்ளைகள், கதிர ஒண்டு கொண்டாங்க."

"நான் இருக்க வரேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ர வலைப்பூவில விளம்பரங்களை அமத்தினது நீங்களோ?"

ஸைனப் கூச்சத்தோடு சிரித்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டா? நாங்கதான்."

"நாங்களோ?"

"நானும், வகுப்புக்கு வார இந்தப் புள்ளைகள் எல்லாரும்."

"நான்தாங்க எல்லாரையும்விட கூட அமுக்குனேன்," என்று தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிற அங்கம்மா. அதைப் பெருமையாக வேறு சொன்னாள்.

ஆள் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். சுலோஜனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ? என்ர பூவைப் பாத்துப் பின்னி விக்கிறீங்கள். அது காணாதெண்டு இதுவுமோ? அல்லாவுக்குப் பயந்த சனம் எண்டு சொல்லுறீங்கள். இதுதானோ அந்தப் பயம்?"

கடையில் மெஷின் ஓடுவது நின்றது. ஸைனப்பின் சிரிப்பும் போய்விட்டது.

"அந்தப் பயத்துலதான் செஞ்ச," என்றாள் மெதுவாக. "ஒங்கட பூவப் பாத்துத்தான் நாங்க பின்னி விக்கிற. இல்லண்டு செல்ல மாட்டேன். அடுத்தவங்கட உழைப்ப சும்மா எடுத்தா ஹராம். காசு கொண்டு வந்து தந்தா நீங்க வாங்கவும் மாட்டீங்க. அதுதான் சட்டம் போட்டேன், ஒரு பூ படிச்சா ஒருக்கா விளம்பரத்த அமத்தணும், ஒரு பை வித்தாலும் ஒருக்கா அமத்தணும்ண்டு. அமத்தாம ஒருத்தியும் வீட்டுக்குப் போனதில்ல."

"ஆமாங்க. நான் மத்தவங்களவிட நெறையப் பூ படிச்சிட்டேன், அதான் கூட," என்றாள் அங்கம்மா.

 

"நீங்களும் யாருக்கிட்டயோ பாத்துத்தானே படிச்சிருப்பீங்க?" என்றாள் ஸைனப். "அவங்களுக்கு நீங்களும் இப்படி என்னவாச்சும் செய்வீங்கதானே."

அத்தனை பூவையும் சுலோஜனா யாரோ ஓர் ஆஸ்திரேலியாக்காரியின் வலைப்பூவைப் பார்த்துத்தான் பின்னித் தமிழில் போட்டிருந்தாள். அந்த மனுஷியின் பெயரை ஓரிடத்திலும் எழுதியதில்லை. எழுதக்கூடிய இடத்தில் விளம்பரம் போட வேண்டியிருந்தது.

அவள் வாசல் பக்கம் திரும்புவதைப் பார்த்து ஸைனப் பதறிப்போனாள்.

"காசு கொறஞ்சிட்டா? அதுதான் கோவமா? நோன்பு மாசம், புள்ளைகள் ஒழுங்கா வகுப்புக்கு வரல்ல. மன்னிச்சிக்கோங்க. பெருநாள் முடிய எல்லாரையும் கூடக் கூட அமத்தச் செல்றேன்."