ஒழுகலுக்கு நேர் கீழே

ஆளில்லாத ஒரு பழைய பங்களாவில், கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு மர நாற்காலி கிடந்தது.

"நாலு வருஷமா நனையறேன்," என்று சுவரிலிருந்த பல்லியிடம் எரிந்து விழுந்தது. "வர்றவனெல்லாம் போட்டோ எடுக்கறான். ஒருத்தனுக்காவது என்னை ரெண்டடி தள்ளிப் போடத் தோணுச்சா?"

"பொறுங்கண்ணே, இன்னொருத்தன் வர்றான்," என்றது பல்லி.

கேமராவோடு வந்தவன் நாற்காலியைப் பார்த்ததும் உருகிப்போனான். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, ஜன்னலோர வெயிலில் வைத்தான். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். நாற்காலியின் முதுகு இதமாகச் சுட்டது.

"பாத்தியா! மனுஷன்னா இவன் மனுஷன்!"

படம் எடுத்து முடித்தவன், தரைப் பாசியில் நாற்காலிக்கால்கள் பதிந்திருந்த நாலு தடங்களைத் தேடிக் கண்டுபிடித்தான். நாற்காலியைத் தூக்கி வந்து, ஒவ்வொரு காலும் அதனதன் தடத்தில் உட்காரும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

"இந்த மாதிரி இடத்துல எதையும் கலைக்கக் கூடாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

வெளியே இடி இடித்தது. முதல் சொட்டு நாற்காலியின் நடுவில் விழுந்தது.

"அடப்பாவி!"

"கேமராவை எட்டிப் பார்த்தேண்ணே," என்றது பல்லி ஆறுதலாக. "படத்துல நீங்க நல்லாக் காஞ்சுதான் இருக்கீங்க."