தலைவரின் கடைசிக் கேள்வி

தலைவர் மேசையைத் தட்டியதும் அதிகாரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“மாற்றுத்திறனாளிகளுக்கு உங்க ஆபீஸ் எல்லாத்துலயும் சாய்தளம் இருக்கா?”

“இருக்குங்க. அறிக்கை வந்திருக்கு.”

“அறிக்கை மேல வண்டி ஏறுமா?”

பக்கத்தில் இருந்த பெண் உறுப்பினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் பங்குக்கு அவரைப் பிடித்துக்கொண்டார். “பெண்களுக்குத் தனிக் கழிப்பறை?”

“இருக்குங்க. சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்.”

“அவசரத்துக்கு மேனேஜரைத் தேடி ஓடணுமா?”

அதிகாரி கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“கடைசிக் கேள்வி. உங்க ஆபீஸ் விழாவுக்கு வருஷா வருஷம் அண்ணனைக் கூட்டிட்டுப் போறீங்க. என்னை ஏன்ப்பா ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல?”

பெண் உறுப்பினராய் நடித்த அதிகாரியின் மனைவியின் சிரிப்பு சட்டென்று நின்றது. சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில், சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மகள், மேசையைத் தட்டிய கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“வாசல் முழுக்கப் படிக்கட்டுடா கண்ணு. சாய்தளம் கட்டவே இல்ல.”

“நாளைக்கு விசாரிக்க வர்ற நிஜமான நாடாளுமன்றக் குழு கேட்டா, இதைச் சொல்வீங்களா?”

“சொன்னா மேல இருக்கிறவங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க.”

மகள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தாள்.

“சரி, சொல்றேன்.”

தலைவர் மறுபடியும் கரண்டியை எடுத்தாள். தட்டெல்லாம் குதிக்கிற மாதிரி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

“பதில் ஏற்கப்பட்டது!”