பட்ட தென்னையில் பங்கு

குளத்தங்கரையில் ஒரு தென்னை பட்டுப்போய் நின்றது. அதில் பொந்து குடைந்து கிளிகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்று அணிலுக்குத் தோன்றியது. முதல்முறை என்பதால் தனியாக இறங்கப் பயம். பக்கத்து வேம்பில் இருந்த காகத்திடம் ஓடியது.

"அக்கா, என்னோட கூட்டுச் சேர்றீங்களா?"

"பட்ட மரத்துக்கு எவன் குடிவருவான்? யோசிச்சுச் சொல்றேன்" என்றது காகம். யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. அணில் பொறுத்துப் பார்த்துவிட்டு மரங்கொத்தியைச் சேர்த்துக்கொண்டது.

கிளிகள் குடும்பம் குடும்பமாகக் குடிவந்தன. மாம்பழமும் கொய்யாவும் வாடகையாகக் குவிந்தன. மரங்கொத்தி அலகில் சாறு ஒழுகத் தின்பதைப் பார்க்கப் பார்க்கக் காகத்துக்கு வயிறு எரிந்தது. 'அது நான் இருக்க வேண்டிய இடம்' என்று முனகியது. மரத்தில் கரையான் பிடித்திருக்கிறது என்று கிளிகளிடம் சொல்லிப் பார்த்தது. ஒரு கிளியும் அசையவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அணில் மறுபடி வந்தது. "அக்கா, அடுத்ததா ஒரு பனை பார்த்திருக்கோம். மூணாவதா ஒரு ஆள் வேணும். உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

காகம் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது. "பங்கு எப்படி?"

"மூணு பேருக்கும் சமம்."

"அந்த மரங்கொத்திக்குமா?"

"வேணும்னா என் பங்குல கொஞ்சம் உங்களுக்குத் தர்றேன், அக்கா."

"எனக்குக் கூடுதல் எல்லாம் வேண்டாம். அவனுக்குக் குறைச்சுக் கொடு, வர்றேன்."

அணில் இறங்கிப் போனது. அந்தப் பங்கு மைனாவுக்குப் போயிற்று. காகம் இப்போது இரண்டு மரங்களைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறது.