சும்மா கிடந்த பொருக்கு

முழங்காலில் ஆறிவரும் புண்ணின் மேல் ஒரு பொருக்கு ஒட்டிக்கிடந்தது. ஆள்காட்டி விரல் நகம் அதைச் சுரண்டியது.

"சும்மாதானே படுத்திருக்கே? நகரு, உள்ளே என்னன்னு பார்ப்போம்."

"வேண்டாம்ப்பா, உள்ளே புதுத் தோல் வளருது," என்றது பொருக்கு.

நகம் கேட்கவில்லை, பிய்த்தே விட்டது. ரத்தம் கசிந்தது. கசிந்த ரத்தமே உறைந்து, கொஞ்சமும் முகம் சுளிக்காமல், மறுபடியும் பொருக்காகிப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் அந்த நகம் கதவிடுக்கில் நசுங்கிக் கறுத்துப்போனது. "என் கதை முடிஞ்சுது" என்று அது அழுதுகொண்டிருந்தபோது, அடியில் ஏதோ மெல்ல முட்டியது. இளசாக ஒரு புது நகம்!

அதற்குள் கட்டைவிரல் நகம் சுரண்ட வந்துவிட்டது. "செத்துப்போனவன் இன்னும் எதுக்கு ஒட்டிக்கிட்டிருக்கே?"

"தொடாதேப்பா," என்றது கறுத்த நகம். "உள்ளே பிள்ளை வளருது."